சோற்றுக்குள்ளே கொள்ளிவாய்ப் பிசாசு!

மத்தியான வேளை. ஆபீஸ் கான்டீனில் ரசத்துக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நீங்க ஒரு ப்ளேட் சாதம் சாப்பிட்டா பூமி எவ்வளவு சூடாகுது தெரியுமா ஸார்?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் இளைஞர். அவர் சப்பாத்திக் கட்சி.

"இது ஆறிப்போன சாதம் தம்பி. இதுல எங்கேர்ந்து சூடு?" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயித்துவிட்ட திருப்தியில் அப்பளத்தை நொறுக்கினேன். ஆனால், சீட்டுக்குத் திரும்பிய பிறகு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அரிசி வருவது மன்னார்குடிப் பக்கம் இருக்கும் மாமாவின் வயலிலிருந்து. ஆக, குற்றச்சாட்டு குடும்பத்தின் மேலேயே!

தேடிப் படித்தேன். இளைஞர் சொன்னது பாதி நிஜம்.

சின்ன வயதில் பாட்டி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசு ஞாபகம் இருக்கிறதா? ராத்திரியில் சதுப்பு நிலத்தில் வாயில் நெருப்போடு அலையுமே, அதேதான். சேற்றிலிருந்து கிளம்பும் வாயு பற்றி எரிவதைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த வாயுவின் பெயர் மீத்தேன். 1776-ல் இத்தாலியில் ஓர் ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, வந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார் ஒருவர். பெயர் வோல்ட்டா. ஆமாம், பிற்பாடு பாட்டரி கண்டுபிடித்த அதே ஆசாமி!

நெல் வயல் என்பது நாமே வரப்பு கட்டி உண்டாக்கும் சதுப்பு நிலம்தான். தண்ணீர் கட்டி நிறுத்தினால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில்தான் குஷியாகக் குடித்தனம் நடத்தும் சில நுண்ணுயிர்கள், மக்கிய வைக்கோலையும் வேர்க் கழிவையும் ஒரு கை பார்த்துவிட்டு மீத்தேனை வெளியே விடுகின்றன. வேருக்குக் காற்று அனுப்புவதற்காக நெற்பயிரின் தண்டுக்குள் நுண்ணிய குழாய்கள் உண்டு. அதே குழாய் வழியாக மீத்தேன் மேலே ஏறிவிடுகிறது. பயிரே புகைபோக்கி!

மனிதர்களின் காரியங்களால் உலகில் வெளியாகும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கிற வாயு இது. ஒரே ஆறுதல், இதற்கு ஆயுசு குறைவு. காற்றில் சுமார் 12 வருஷம்தான். இன்று குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம்.

சரி, ஏன் 'பாதி' நிஜம் என்றேன்?

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி ஒரு காலத்தில் இந்திய நெல் வயல்களின் மீத்தேனைக் கணக்குப் போட்டது. வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் என்றது. நம் விஞ்ஞானி ஏ.பி. மித்ராவும் அவருடைய குழுவினரும், "கணக்கு இருக்கட்டும், அளந்து பார்ப்போம்" என்று 1991-ல் வயலுக்கே போனார்கள். பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! நம் நாட்டில் நிறைய வயல் வானம் பார்த்த வயல். எப்போதும் தளும்ப நிற்க அங்கே தண்ணீருக்கு எங்கே போவது?

அதே 1991-ல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இன்னொரு கேள்வி கேட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வரும் வாயுவையும் சொகுசுக்காக வரும் புகையையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? நியாயமான கேள்வி. ஆனால், நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக மீத்தேன் வயலிலேயே உட்கார்ந்திருக்குமா?

ஆடிப் பெருக்குக்கு ஊருக்குப் போனேன். குறுவை நின்றிருந்தது. வரப்பில் நடந்தபடி மெதுவாக ஆரம்பித்தேன்.

"மாமா, இந்த மீத்தேன்..."

மாமா சட்டென்று நின்றுவிட்டார். "யாரு மாப்ளே உன்னை அனுப்பினது?"

தப்பு என்னுடையது. டெல்டாவில் அந்த வார்த்தையை அப்படிப் பொத்தென்று போடக் கூடாது. பூமிக்கு அடியில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் போட்டு, ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பி, நம்மாழ்வார் அதற்காகவே கிராமம் கிராமமாக நடந்து, 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே வந்த பூமி.

"அந்த மீத்தேன் இல்லை மாமா. வயல்ல தண்ணி நின்னா வருதாம்" என்று விளக்கினேன்.

மாமா சிரித்தார். வயலுக்குள் இறங்கி, பயிருக்கு நடுவே நட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் குழாயைக் காட்டினார். ஓர் அடி நீளம். உடம்பெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், மிச்சம் வெளியே.

"எட்டிப் பாரு. மேலே தண்ணி தெரியலைன்னாலும் உள்ளே நிக்குது பாரு, வேருக்கு அது போதும். மண் மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கினப்புறம் மோட்டாரைப் போட்டா சரி. இதைத்தான் எங்கப்பா காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்வார். குழாய்தான் புதுசு!"

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஊர் ஊராகச் சொல்லும் வைத்தியம் இதேதான். காயவிட்டுப் பாய்ச்சினால் மண்ணுக்குள் காற்று போகும். காற்று போனால் அந்த நுண்ணுயிர்களின் குடித்தனம் காலி. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பாசனத் தண்ணீரில் 30 சதவிகிதம் வரை மிச்சம். ஒழுங்காகச் செய்தால் விளைச்சலில் கை வைக்காது.

"எப்பவுமே காயவிடலாமா மாமா?"

"நட்ட புதுசுல கூடாது, பயிர் வேர் பிடிக்கணும். பூக்கிற சமயத்துலேயும் கூடாது. அப்போ காயவிட்டா நெல்லுக்குப் பதிலா பதரைத்தான் அள்ளணும்."

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. யூரியாவைக் கண்டபடி கொட்டிவிட்டு வயலைக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்ஸைடு கிளம்பும். அதாவது, சிரிப்பூட்டும் வாயு! கரியமில வாயுவைவிட 270 மடங்கு பொல்லாதது. சிரிக்கிற விஷயமில்லை. அளவாக உரமிட்டால் மொத்தத்தில் லாபம் நம் பக்கம்தான்.

"நீங்க பூமியைக் காப்பாத்தறீங்க மாமா!" என்றேன் உணர்ச்சிவசப்பட்டு.

"அதெல்லாம் இல்லை. தண்ணி வடிஞ்சா புகையான் பூச்சி கம்மி. வேர் ஆழமாப் போகும், பயிர் சாயாது. அதுக்காகத்தான். தண்ணி மிச்சம் பண்ணி என்ன? விவசாய மோட்டாருக்குக் கரண்ட் ஃப்ரீ. நான் மிச்சம் பிடிச்சா யாரும் எனக்கு மணியார்டர் அனுப்பப் போறதில்லையே!"

வாய்க்காலின் கடைசியில், கடைமடையில், வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எங்களோடு நடந்து வந்தார். போர் போட வசதியில்லாதவர். ஆற்றுத் தண்ணீரை நம்பியே பயிர். அவரிடம் குழாயைப் பற்றிக் கேட்டேன்.

"உங்க மாமாவுக்கு மோட்டார் இருக்கு தம்பி. சுவிட்சைத் தட்டினா தண்ணி. நான் வடியவிட்டு, அடுத்த முறைத் தண்ணி வரலைன்னா? மயிரிழை வெடிப்பு வந்ததும் பாய்ச்சுன்னு சொல்றாங்க. வெடிப்பு மயிரிழையோட நிக்குமா? பாம்பு போற அளவுக்கு விடும். 2016 சம்பாவுல பார்த்துட்டேன். கிடைக்கிறப்பத் தேக்கி வெச்சுக்கறதுதான் எனக்கு இன்ஷூரன்ஸ்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் படித்த கட்டுரைகளில் குழாயின் நீளம் இருந்தது, ஓட்டையின் அளவுகூட இருந்தது. இந்தப் பெரியவரின் பயம் இல்லை.

வியட்நாமில் 2023-ல், மெக்காங் டெல்டாவில் பத்து லட்சம் ஹெக்டேரில் இப்படிக் குறைந்த வாயுவோடு நெல் விளைவிக்க அரசாங்கமே திட்டம் அறிவித்தது. 2030 கெடு. ஸ்வீடன், சீன விஞ்ஞானிகள் பார்லியின் ஜீனை நெல்லில் வைத்து, மீத்தேன் குறைந்த நெல்லை 2015-ல் காட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால், தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவனிடம் தண்ணீரை வடியவிடு என்று சொல்ல எந்த விஞ்ஞானிக்கும் வாய் வராது.

திங்கட்கிழமை. அதே கான்டீன், அதே இளைஞர்.

"என்ன ஸார், தீர்ப்பு என்ன?"

"சாதம் குற்றவாளி இல்லை தம்பி. தேங்கி நிற்கிற தண்ணிதான்" என்று முழுக் கதையையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சப்பாத்தியைப் பிய்த்தபடி யோசித்தார்.

"அப்போ அந்தக் கடைமடைப் பெரியவருக்கு என்ன வழி ஸார்?"

"மடையில தண்ணி வரப்போற தேதியை யாராவது அவருக்கு நிச்சயமாச் சொன்னாப் போதும். மீத்தேனை அவர் பார்த்துப்பார்!"