வெளுத்த கறுப்பு

மோட்டார் வண்டியின் பளபளக்கும் தகட்டையும் கண்ணாடியையும் சுற்றி, பம்பரின் கீழ்ப்பாதியாகவும், சக்கரங்களுக்கு மேலே வளைந்த விளிம்பாகவும், கதவுகளின் அடியில் ஓடும் பட்டையாகவும், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் முளைத்து நிற்கும் கவுல் தட்டாகவும் அமைந்திருக்கிற கறுப்பு பிளாஸ்டிக்கை, வண்டி புதிதாக இருக்கும் வரையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாலைந்து கோடைகள் கழிந்து, அந்தக் கறுப்பு வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்ட பிறகுதான், எஞ்சினிலும் வர்ணத்திலும் குறையொன்றும் இல்லாத வண்டி இப்படிக் கிழடு தட்டித் தோன்றுவதற்குக் காரணம் இதுவே என்பது சொந்தக்காரருக்குப் புலப்படுகிறது. பழைய வண்டி வாங்க வருகிற கெட்டிக்காரருக்கோ இது வாசலிலேயே புலப்பட்டுவிடும். வண்டி நிழலில் வளர்ந்ததா, தெருவில் வெயில் காய்ந்ததா என்பதை ஆர்.சி. புத்தகத்தைவிட இந்த பிளாஸ்டிக் தெளிவாகச் சொல்லும் என்பது அவருக்குத் தெரியும்.

அம்பாஸடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவற்றின் குரோமியம் முலாம் பூசிய எஃகு பம்பர்கள் துருப்பிடித்தனவேயன்றி வெளுக்கவில்லை. 1972-இல் பிரான்சு தேசத்து ரெனோ கம்பெனி தன் 'ரெனோ 5' காருக்கு எஃகை விடுத்து, கண்ணாடி இழை சேர்த்த பாலியெஸ்டரில் பம்பர் செய்து மாட்டியது. அதன் பிறகு கொஞ்சங்கொஞ்சமாக உலகெங்கும் பம்பர் என்றாலே பிளாஸ்டிக் என்றாகிவிட்டது. நம் ஒரகடத்தில் உற்பத்தியான டஸ்டரும், மறைமலைநகரில் உற்பத்தியான ஈகோஸ்போர்ட்டும் கீழ்ப்புறமெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் தரித்து வெளிவந்த நாள் முதலாக, காட்டுப் பாதைக்கு என்று ஏற்பட்ட அந்தக் கவசம், காட்டையே காணாத நகரத்து வண்டிகளுக்கும் ஓர் அலங்காரமாகிவிட்டது. விலை குறைந்த பேஸ் மாடல்களில் கண்ணாடிக் கூடும் கதவுப் பிடியுங்கூட வர்ணம் பூசாத கறுப்பாகவே வருவதால், இந்த வியாதிக்குச் செல்வர், எளியவர் என்ற பேதமும் இல்லை.

இந்தக் கறுப்புப் பாகங்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் என்னும் வஸ்துவால் ஆனவை. 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நட்டா என்ற ரசாயன நிபுணர் அதைப் படிக வடிவில் உருவாக்கிக் காட்டினார். 1963-இல் ஜெர்மானியரான கார்ல் ஸீக்லருடன் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மோட்டார் தொழிலில் அது தனியாக வருவதில்லை. மோதினால் உடையாதிருக்கச் சிறிது ரப்பரும், விறைப்பாக நிற்க டால்க் என்னும் மாக்கல் தூளும், கறுப்புக்காகக் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளும், வெயிலைத் தாங்குவதற்கான சில ரசாயனங்களும் கலந்தே வார்க்கப்படுகிறது. பம்பரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால், 'பி.பி.' என்றும் அதையடுத்து ரப்பரின் பெயரும் டால்க்கின் சதவீதமும் சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம்.

குணங்கள் பல இருந்தும் இந்த வஸ்துவுக்குப் பிறவியிலேயே ஒரு பலவீனம் உண்டு. அதன் நெடிய அணுச் சங்கிலியில், ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கார்பன் அணுக்களில், ஒரு ஹைட்ரஜன் தளர்ந்த பிடிப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலில் கலந்து வரும் புறஊதாக் கிரணங்கள் இந்த ஹைட்ரஜனைப் பிடுங்குவதற்கு வழி செய்ய, காலியான இடத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வந்து அமர, சங்கிலி அறுகிறது. ஓர் அறுதல் அடுத்த அறுதலைத் தூண்டுகிறது. வெயிலைத் தாங்க வார்ப்பில் சேர்த்த ரசாயனங்கள் சில வருஷங்கள் இதைத் தடுத்து நிறுத்துகின்றன. அவை மேற்பரப்பில் குறைந்து போனதும், தலைமயிரினும் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, மேல்தோல் பொடிந்து, உள்ளிருக்கும் வெள்ளை டால்க் வெளியே எட்டிப் பார்க்கிறது. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருஷத்துக்கு இருமுறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மத்தியிலும் வருகிறான் என்பதை நினைத்துக்கொண்டால், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கவுல் தட்டும் கூரை மேல் ரெயிலும் ஏன் முதலில் வெளுக்கின்றன என்று வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே, வெளுத்த பிளாஸ்டிக்கில் நாம் காண்பது அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக்கொண்டே இருப்பது வீண். கறுப்பு எங்கும் போய்விடவில்லை. சிதைந்த மேற்பரப்பு வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிப்பதால் அது நம் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அபிஷேகத்துக்கு முன் சாம்பல் நிறமாகத் தோன்றும் கருங்கல் விக்கிரகம், எண்ணெய்க் காப்பு பட்டதும் கன்னங்கரேல் என்று ஆகிறதே, அங்கே கல்லின் நுண்குழிகளை எண்ணெய் நிரப்புவதால் என்ன நிகழ்கிறதோ அதுவே இங்கும் நிகழ்கிறது. இதிலிருந்து காசு செலவில்லாத ஒரு பரீக்ஷையும் கிடைக்கிறது. வெளுத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் அது நல்ல கறுப்பாகத் தெரிந்தால் சிகிச்சைக்கு இணங்கும். ஈரத்திலும் வெள்ளை வெள்ளையாகவே நின்றால், சிதைவு ஆழத்துக்குப் போய்விட்டது என்று அறிந்து, பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டையில் வேறு துண்டு தேடுவதே உத்தமம்.

கடைகளில் விற்கும் பூச்சுகளில் பெரும்பாலானவை செய்வது இந்த எண்ணெய்க் காப்பைத்தான். சிலிக்கோன் கலந்த பாலிஷ் நுண்ணிய வெடிப்புகளை நிரப்பி அன்றைக்கே கண்ணைப் பறிக்கிறது. இரண்டு மழையில் கழுவிக்கொண்டு போகிறது. வீட்டில் இருக்கும் தேங்காயெண்ணெயைத் தடவுகிறவர்களும் உண்டு. தேங்காயெண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காய்ந்து படலமாகாத ஜாதி. ஆகையால் அது சாலைப் புழுதியையெல்லாம் அழைத்து உட்கார வைத்துக்கொள்கிறது. காய்ந்து படலமாகும் ஆளிவிதை எண்ணெயைப் பூசும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு. அது சற்று நீடிக்கிறது என்பது மெய். ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதும் மெய், ஆதலால் வீட்டில் அந்த வேலை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மண்ணெண்ணெய், ஷூ பாலிஷ், பழைய எஞ்சின் ஆயில் இவற்றைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம்.

ஹீட் கன் வைத்தியம் வேறு ரகம். பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்ஷியஸில் உருகும். ஹீட் கன்னின் சுடுகாற்றை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே பிளாஸ்டிக்கின் மேல் காட்டினால், பொடிந்த மேல்தோல் லேசாக இளகி, வெடிப்புகள் மூடி, ஜாலம் செய்தாற்போலக் கண்ணெதிரே கறுப்பு திரும்புகிறது. பார்ப்பதற்கு இதைப் போல் திருப்தியளிக்கும் காரியம் வேறில்லை. ஆனால் அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேலும் போகவல்லது. ஒரே இடத்தில் சற்று நின்றுவிட்டால் பட்டை நெளிந்துவிடும், சொரசொரப்பான மேற்பரப்பு திட்டுத் திட்டாக மினுங்கத் தொடங்கும், பக்கத்திலுள்ள வர்ணமும் கொப்புளிக்கும். அது மட்டுமன்று. உஷ்ணம் வெடிப்பை மூடுகிறதேயொழிய, வெயிலைத் தாங்கிய ரசாயனங்களை மீட்டுத் தருவதில்லை. ஆதலால் மேலே காப்பு ஒன்றும் இடாமல் விட்டால் இரண்டாம் முறை இன்னும் சீக்கிரம் வெளுக்கும்.

நிலைத்த பலன் வேண்டுவோருக்கு உரியவை, கறுப்பு நிறமி சேர்ந்த டிரிம் ரெஸ்டோரர்களும், இறுகிப் படலமாகும் செராமிக் பூச்சுகளும். இவற்றின் வெற்றியில் முக்கால் பங்கு, பூசுவதற்கு முன் செய்யும் சுத்தத்தில் இருக்கிறது. ஷாம்பு தண்ணீரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் சொரசொரப்பின் உள்வரை தேய்த்து, வர்ணத்துக்குப் போட்ட வாக்ஸ் வழிந்து வெள்ளைக் கறையாக உறைந்திருந்தால் அதையும் அகற்றி, நிழலில் நன்றாக உலர்த்தி, கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்த பிறகுதான் மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டும். வர்ணம் பூசிய ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் அவசியம். வெயில் தணிந்த வேளையில், சிறிது சிறிதாக எடுத்து, மெல்லியதாகப் பூசி, மிகுந்ததை உடனே மைக்ரோ ஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, புட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை தண்ணீர் படாமல் வைத்திருக்க வேண்டும். முகப்பு விளக்கு மஞ்சளித்தால் உப்புத்தாள் போடுகிறார்களே, இதற்கும் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விளக்கின் வழவழப்பான பாலிகார்பனேட்டுக்கு அது தகும். சொரசொரப்பாக வார்த்த பட்டையைத் தேய்த்தால் அந்த அமைப்பே அழிந்து, எந்தப் பூச்சாலும் திரும்ப வராது.

பட்டறையில் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடலாமே என்பதும் ஒரு யோசனை. பாலிப்ரொப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதற்கென உள்ள பிளாஸ்டிக் பிரைமரைத் தவிர்த்து நேராக அடிக்கிற பெயிண்ட், ஒரு சிறு கல் தெறித்தாலும் தோலாக உரிந்து வரும். முறையாகச் செய்தாலும் வெகு நேர்த்தியான அந்த மினுமினுப்பு, அடிபடுவதற்கென்றே ஏற்பட்ட பாகத்துக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் வாசகர்கள் இன்றே செய்யலாம். வாட்டர் வாஷ் முடிந்ததும் பையன்கள் அன்பு மிகுதியால் டயர் பாலிஷையே பம்பர், கவுல் தட்டு எல்லாவற்றுக்கும் பூசிவிடுகிறார்கள். முதல் மழையில் அந்த பாலிஷிலுள்ள சிலிக்கோன் கவுலிலிருந்து முன்கண்ணாடிக்கு ஏறி, வைப்பர் இழுக்க இழுக்கப் பார்வையை மங்கச் செய்கிறது. சொரசொரப்பில் ஊறிய மிச்சமோ, பின்னால் நீங்கள் விலை கொடுத்து இடும் நல்ல பூச்சை ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஆகவே, அடுத்த முறை வண்டியை வாட்டர் வாஷுக்கு விடும்போது, டயர் பாலிஷ் டயரோடு நிற்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.