22 நகர்த்தலில் முடிந்த ஆட்டம்: ஒரு 'டிரா'வில் கைநழுவிய உலகக் கோப்பை!

டிரா என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் சென்னை பாடியைச் சேர்ந்த செஸ் வீரர் பிரக்ஞானந்தாவுக்கு, ஒரே ஒரு டிராவால் உலகக் கோப்பையே கைவிட்டுப் போனது!

சம்பவம் நடந்த இடம், அசர்பைஜான் தலைநகர் பாகு. நாள், 2023 ஆகஸ்டு 24. எதிரே உட்கார்ந்தவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன், 5 முறை உலக சாம்பியன். வயது 32. நம்ம பையனுக்கு 18 வயது முடிந்து சரியாக 2 வாரம்!

இறுதிப் போட்டியின் முதல் 2 ஆட்டங்களும் (ஆகஸ்டு 22, 23) டிரா. இழுத்துக்கொண்டே போனால் எப்படி? மூன்றாம் நாள் 'ரேபிட்' எனும் அதிவேக ஆட்டம் வைத்தார்கள். ஆளுக்கு 25 நிமிடம்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். அதிலும் முதல் ஆட்டம் போச்சு! வெள்ளைக் காயோடு ஆடியும் 47-வது நகர்த்தலில் பிரக்ஞானந்தா தோற்றார்.

காய் இருந்தால்தானே சண்டை?

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தே தீரவேண்டும். கார்ல்சனுக்கோ டிரா போதும். போதாக்குறைக்கு வெள்ளைக் காயும் அவர் பக்கம்.

கார்ல்சன் வம்புக்கே போகவில்லை. காய்க்குக் காய் வெட்டி, கணக்கை நேர்செய்துகொண்டே வந்தார். பலகை காலியாகக் காலியாக, ஜெயிக்க நினைப்பவருக்கு வழியும் குறையும். எதிரியை மடக்கக் கையில் காய் வேண்டாமா? 22-வது நகர்த்தலில் கை குலுக்கினார்கள். ஆட்டம் டிரா. கோப்பை கார்ல்சனுக்கு!

உலக சாம்பியன் பட்டத்தை 5 முறை பிடித்தவருக்கு, செஸ் உலகக் கோப்பை கிடைத்தது அதுதான் முதல் தடவை. பரிசு 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர். பிரக்ஞானந்தாவுக்கு 80 ஆயிரம் டாலர், நம் பணத்தில் சுமார் 66 லட்சம் ரூபாய்.

இதே 'ரேபிட்' ஆட்டங்களில்தான், அதற்கு முன் உலகின் 2-ம், 3-ம் நிலை வீரர்களான நகமுரா, கருவானா இருவரையும் அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆகஸ்டு 30-ந் தேதி சென்னை விமான நிலையத்தில் கரகாட்டம், ஒயிலாட்டத்தோடு தடபுடல் வரவேற்பு. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அழைத்து 30 லட்சம் ரூபாய் கொடுத்தார். தோற்றுவந்தவருக்கா இவ்வளவும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டாம் இடம்தான் 2024 ஏப்ரலில் கனடாவில் நடந்த 'கேண்டிடேட்ஸ்' போட்டிக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.