ஆளைக் காட்டாதே, அரைகுறைப் படைப்பைக் காட்டு

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்க வந்த நிர்வாகிகள் சுமார் நூறு பேருக்கு ஒரு மாலை விருந்து நடந்தது. எதற்காக வருகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். புதியவர்களைச் சந்திக்க என்பதுதான் பெரும்பாலோர் பதில். விருந்தில் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு மின்னணு பேட்ஜ் மாட்டப்பட்டது. யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்று பேசினார்கள் என்பதை அது குறித்துக்கொண்டது. பால் இங்ராம், மைக்கேல் மோரிஸ் என்னும் ஆய்வாளர்கள் 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். அறை முழுக்கப் புதுமுகங்கள் இருந்தும், வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் பக்கமே நகர்ந்திருந்தார்கள்.

கல்லூரி மாணவர்களுக்குப் படைப்புக் கூட்டாளி தேடித்தரும் செயலி செய்ய நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த ஆய்வைத்தான். அந்த யோசனை ஹேக்கத்தான்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. பெயர், படம், டிபார்ட்மென்ட், தெரிந்த வேலைகள் எல்லாவற்றையும் பதிந்துகொள், மற்றவர்கள் தேடட்டும் என்பதே அநேகமாக எல்லா வடிவமைப்பும். எடிட்டிங் தெரிந்தவர் யார், வயலின் வாசிப்பவர் யார் என்று தெரியாததுதான் சிக்கல் என்று அது நினைக்கிறது. கொலம்பியா விருந்தில் ஆட்கள் கண்ணெதிரிலேயே நின்றார்கள். அப்படியிருந்தும் புதியவர்களோடு பேச்சு அதிகம் தொடங்கவில்லை.

பேச்சு தொடங்க ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தால் என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்தது ஹார்வர்டு மருத்துவப் பள்ளி. ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்க வந்த விஞ்ஞானிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வெவ்வேறு அறைகளில் 90 நிமிடம் உட்கார வைத்தார்கள். அவரவர் வேலையை ஒரு ஒழுங்கோடு மற்றவர்களுக்குச் சொல்வது மட்டுமே ஏற்பாடு. ஒரே அறையில் இருந்த இருவர் பின்னர் சேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 சதவீதம் உயர்ந்தது. கெவின் பூட்ரோவும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அந்த 75 சதவீதத்துக்கு அடியில் இருக்கும் உண்மையான எண்கள். 0.16 சதவீதமாக இருந்தது 0.28 சதவீதமானது. அதாவது பத்தாயிரம் ஜோடிகளில் 16 ஜோடி சேர்ந்த இடத்தில் 28 ஜோடி சேர்ந்தது.

சிறிய எண்தான். ஆனால் 3,000 பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் சாத்தியமான ஜோடிகள் ஏறத்தாழ 45 லட்சம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை எதற்கும் உதவாது. உதவக்கூடிய சில நூறு எவை என்று எந்தக் கணினியாலும் முன்கூட்டி அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே செயலி செய்ய வேண்டியது பொருத்தம் பார்ப்பதைவிடச் சந்திப்புகளை எளிதாக்குவது. சந்திப்பு குறுகியதாக, காரணம் உள்ளதாக, ஒத்துவராவிட்டால் மனக்கசப்பின்றி எழுந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும். பாரிஸின் ஜுஸ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் கட்டடங்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்ற ஆய்வுக்கூடங்களை இடம் மாற்றினார்கள். தற்செயலாக அருகருகே வந்துசேர்ந்த கூடங்களுக்கிடையே கூட்டு ஆய்வுகள் பெருகின என்று கிறிஸ்டியன் கட்டலினி கண்டறிந்தார். அங்கே யாரும் யாருக்கும் பொருத்தம் பார்க்கவில்லை.

சரி, முன்பின் தெரியாத இருவர் சந்திக்க என்ன காரணம் கொடுப்பது? என் பதில், முடிக்காத படைப்பு. செயலியின் முகப்பில் ஆட்களின் படங்களே வேண்டாம். நாற்பது விநாடி மெட்டு ஒன்று, வரிகள் வேண்டிக் காத்திருக்கிறது. குறும்படம் ஒன்றின் எடிட்டிங் முடிந்துவிட்டது, பின்னணி இசைதான் இல்லை. சித்திரக்கதை ஒன்றுக்குக் கதை தயார், வரைய ஆள் வேண்டும். இவைதான் திரையில் வர வேண்டும். ஒருவர் "எனக்கு இசை தெரியும்" என்று எழுதுவதிலிருந்து எதையும் அறிய முடியாது. அவர் போட்ட அரைகுறை மெட்டைக் கேட்டால் ரசனை, பயிற்சி, எங்கே தடுமாறுகிறார் என்பதுவரை தெரிந்துவிடும். அதைக் கேட்டுவிட்டு வருபவருக்குப் பேச ஒரு விஷயமும் கையில் இருக்கும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். படமும் ஆண்டும் டிபார்ட்மென்ட்டும் வரிசையாகக் காட்டும் எந்தச் செயலியும் ஒரு வளாகத்தில் சில வாரங்களில் காதல் தேடும் இடமாகிவிடும். அப்போது முதலில் வெளியேறுபவர்கள் மாணவிகள். அவர்களுக்கு வரும் செய்திகள் மெட்டைப் பற்றியதாக இருக்காது. அதனால் இருவரும் சம்மதிக்கும்வரை பெயரும் படமும் தொலைபேசி எண்ணும் மறைந்தே இருக்கட்டும். முதல் சந்திப்பு நூலகம், கேன்டீன், இசைக்கூடம் போன்ற பொது இடத்தில், பகல் வேளையில் என்று செயலியே குறித்துக் கொடுக்கட்டும். இதை அமைப்புப் பக்கத்தில் எங்கோ ஒரு விருப்பத்தேர்வாக வைக்கக் கூடாது. தொடக்கத்திலிருந்தே இதுதான் விதியாக இருக்க வேண்டும்.

யாருடைய படைப்பை யாருக்குக் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. வழக்கமான பரிந்துரை நிரல் ஒத்த ரசனைக்காரர்களைத் தேடிச் சேர்க்கும். சினிமாவோ வீடியோவோ சிபாரிசு செய்ய அது போதும். கூட்டுப் படைப்புக்கு அது போதாது. பிரையன் உஸ்ஸியும் ஜேரட் ஸ்பைரோவும் 1945 முதல் 1989 வரை நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வந்த 474 இசை நாடகங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் பணியாற்றிய இசையமைப்பாளர், பாடலாசிரியர், இயக்குநர் உள்ளிட்ட 2,092 கலைஞர்களில் யார் யாரோடு முன்பு வேலை செய்தவர்கள் என்று வலைப்பின்னலாக வரைந்தார்கள். கலைஞர்களுக்குள் தொடர்பு மிகக் குறைவாக இருந்த காலங்களில் நாடகங்கள் அவ்வளவு எடுபடவில்லை. எல்லோரும் எல்லோரோடும் பின்னிப் பிணைந்திருந்த காலங்களிலும் எடுபடவில்லை. வசூலும் விமர்சகர் பாராட்டும் இடைப்பட்ட நிலையில்தான் உச்சத்தில் இருந்தன. பழகியவர்கள் இருப்பதால் நம்பிக்கை வருகிறது. புதியவர்கள் வருவதால் யோசனைகளின் கையிருப்பு மாறுகிறது.

2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்டுஇன் தளத்தைப் பற்றிய ஆய்வும் ஏறக்குறைய இதே இடத்தில் வந்து நிற்கிறது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயனர்களுக்கு 'இவரை உங்களுக்குத் தெரியுமா' பரிந்துரையை ஐந்து ஆண்டுகள் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். வேலை மாற அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர், முற்றிலும் அந்நியர்களும் அல்லர். ஓரளவு பொது நண்பர்கள் உள்ள, தூரத்துப் பழக்கம் கொண்டவர்கள். (பயனர்களிடம் கேட்காமல் இப்படிச் சோதிப்பது சரியா என்ற விவாதமும் எழுந்தது. மாணவர் செயலி எதையாவது சோதித்தால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.) நம் செயலிக்கு இது தரும் குறிப்பு தெளிவு. விஸ்காம் மாணவியின் குறும்படத்தை அவள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பக் காட்டாதே. பள்ளித் தோழியின் விடுதி அறைத்தோழி மெக்கானிக்கல் படித்துக்கொண்டே வீணை வாசிக்கிறாள் என்றால், அவளிடம் காட்டு.

பிறகு நெரிசல். நல்ல கீபோர்டு கலைஞர் ஒருவர் வளாகத்தில் இருந்தால் அறுபது பேர் அவருக்கே எழுதுவார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லமாட்டார். பொருளாதார அறிஞர்கள் இதே சிக்கலைத் தங்கள் வேலைச்சந்தையிலேயே சந்தித்தார்கள். எல்லோரும் எல்லாக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்ததால், உண்மையில் யாருக்கு எங்கே விருப்பம் என்று தெரியவில்லை. 2006-ல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் ஒரு வழி கொண்டுவந்தது. ஒவ்வொருவரும் இரண்டே இரண்டு நிறுவனங்களுக்கு மட்டும் 'உங்களிடம் எனக்குத் தனி ஆர்வம்' என்று சங்கத்தின் வழியாகத் தெரிவிக்கலாம். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அந்தச் செய்திக்கு மதிப்பு வந்தது. மாணவர் செயலியிலும் மாதத்துக்கு இரண்டு அழைப்புகள் போதும். மூன்றாவதை அனுப்ப முடியாது என்று தெரிந்தால் அனுப்பும் முன் மெட்டை முழுதாகக் கேட்பார்கள்.

தொடங்கும்போது ஊரெல்லாம் பரப்ப வேண்டியதில்லை. ஃபேஸ்புக் 2004-ல் ஹார்வர்டு என்ற ஒரே வளாகத்தில்தான் ஆரம்பித்தது. ஒரு கல்லூரி, அதன் கலைவிழாவுக்கு ஆறு வாரம் முன்பு, அவ்வளவுதான். கெடு நெருங்கும்போதுதான் மாணவர்கள் கூட்டாளியைத் தேடுவார்கள்.

கடைசியாக, எல்லோரும் பேசத் தயங்கும் விஷயம்: படைப்பு யாருடையது? இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, இருவர் பங்கும் தனித்தனியாகப் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால்தான் அது கூட்டுப் படைப்பு. ஒரு பாடலில் வரிகள் அவற்றை எழுதியவருடையவை, மெட்டு அதைப் போட்டவருடையது. குறும்படத்துக்கோ சட்டம் ஆசிரியராகக் கருதுவது தயாரிப்பாளரை. படத்தை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர்தான் தயாரிப்பாளர் என்று அதே சட்டம் சொல்கிறது. நண்பர்கள் கைக்காசு போட்டு எடுக்கும் படத்தில் அது யார்? பரிசு வந்த பிறகு இதைக் கேட்டால் நட்பு முறியும். ஆகவே முதல் சந்திப்பு முடிந்ததும் செயலி இருவரிடமும் தனித்தனியே சில கேள்விகள் கேட்கட்டும். பெயர்கள் எந்த வரிசையில் வரும்? பரிசுப்பணம் எப்படிப் பிரியும்? ஒருவர் பாதியில் விலகினால், அவர் செய்த பகுதியை மற்றவர் பயன்படுத்தலாமா? இருவர் பதிலும் ஒத்துப்போன பிறகே கோப்புகளைப் பகிரும் வசதி திறக்கட்டும்.