கிளினிக் வாங்கில் ஒரு டெப்

கண்டி டவுன், கட்டுகாஸ்தோட்டை, அக்குறணை, மடவளை எங்கே போனாலும் நாற்பது தாண்டிய கடைக்காரரின் லாச்சியைத் திறந்தால் சில்லறையோடு குளிசைப் பக்கற்றும் கிடக்கும். 2018-19இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் வளர்ந்தோரில் 23 சதவீதமானோருக்கு சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. நாலு பங்காளிகள் இருந்தால் அதில் ஒருவர்!

மாதாந்தக் கிளினிக்குக்கு விடியவே போய் நம்பர் எடுத்து வாங்கில் காத்திருக்கிறோம். டொக்டர் முன்னால் சில நிமிடம். "எப்படி?" என்றால் "நல்லம் டொக்டர்" என்று எழும்பி வந்துவிடுவோம். இரவில் கால் எரிவது, படியேறினால் மூச்சு வாங்குவது, கடையில் சனமென்று பகல் குளிசையை விட்டது எதுவும் கொப்பியில் ஏறாது.

வெளிநாடுகளில் இதற்கு டெப் கொடுக்கிறார்கள். (டெப்லட் என்று எழுதினால் நம்மவர்கள் குளிசை என்று நினைப்பார்கள்.) நோயாளியே தன் உபாதைகளைத் திரையில் தொட்டுப் பதிகிறார். நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் 766 புற்றுநோயாளிகளை வைத்து இதைப் பரீட்சித்தார்கள். நோய் கடுமையானால் தாதிக்கு உடனே மின்னஞ்சல் போகும். 2017இல் வெளியான முடிவின்படி, பதிந்தவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். கணினிப் பழக்கமே இல்லாதவர்கள்தான் கூடுதல் பயன் பெற்றார்களாம். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்னும் ஹாஜியார்மார் கவனிக்க.

ஆனால் இந்தியாவில் ஹரியானா, கர்நாடக மாநிலங்களின் 40 சுகாதார நிலையங்களில் பிரஷர், சீனி நோயாளிகளுக்காகத் தாதியரிடம் டெப் கொடுத்துப் பார்த்தார்கள். 12 மாதத்துக்குப் பின் டெப் இல்லாத நிலையங்களை விடப் பெரிய வித்தியாசமில்லை என்று 2019இல் அறிவித்தார்கள். சாமான் வாங்கிவைத்தால் மட்டும் வியாபாரம் நடக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

நமக்கு இது மிகவும் தேவைப்படுவது நோன்பு காலத்தில். குளிசை நேரத்தை நாமாகவே மாற்றிக்கொள்கிறோம், டொக்டரிடம் சொல்வதில்லை. 13 நாடுகளில் 12,243 பேரிடம் 2001இல் செய்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு சீனி கடுமையாக இறங்குவது றமழானில் ஏழரை மடங்கானது.

வர்த்தக சங்கங்களும் ஜமாஅத்துகளும் ஆஸ்பத்திரிக்குக் கதிரையும் மின்விசிறியும் கொடுக்கின்றன. அல்லாஹ் கபூல் செய்யட்டும். அடுத்த முறை டெப் கொடுக்க நினைத்தால், பதிலை வாசிக்கப்போகும் தாதி யார் என்று முதலில் கேளுங்கள். கேள்விகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். எழுத்து வாசிக்க முடியாதவருக்குக் குரலில் வரட்டும். இன்னொன்று, ஒருவரின் வருத்தம் வெளியே தெரிந்தால் கடன் சாமான் தருபவர் கையை இழுப்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. தகவல் எங்கே சேமிக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் பெட்டியைக் கையளிக்க வேண்டும்.

அதுவரை கடை டயரியில் நாளுக்கு ஒரு வரி எழுதலாம். குளிசை போட்டதா, கால் எரிந்ததா, தலை சுற்றியதா. கிளினிக் நாளில் அந்தப் பக்கத்தை டொக்டரின் மேசையில் விரித்து வையுங்கள்.