இரண்டு சொல் — இருபது லட்சம் டாலர்!

மன்றம் நிரம்பியிருக்கிறது. மேடையில் குடியரசுத் தலைவர். அவருக்குப் பின்னே, உயர்ந்த இருக்கைகளிலே, துணைத் தலைவர் ஜோ பைடனும் அவைத் தலைவர் நான்சி பெலோசியும். எதிரே மேலவையும் கீழவையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே நாடே உட்கார்ந்திருக்கிறது. தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒரு குரல் பாய்ந்து வருகிறது — "பொய்! நீ சொல்வது பொய்!"

எங்கே நடந்தது இது? வாஷிங்டன் நகரிலே. எப்போது? 2009 செப்டம்பர் 9 அன்று. மேடையிலே நின்றவர் பராக் ஒபாமா. குரல் கொடுத்தவர் ஜோ வில்சன், தென் கரோலினா மாநிலத்துக்காரர், குடியரசுக் கட்சியின் கீழவை உறுப்பினர். மன்றத்தின் பெயரோ காங்கிரஸ்! பெயரைக் கேட்டதும் நம் ஊர்க் கட்சியை நினைத்துவிட வேண்டாம் தோழர்களே, அங்கே நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர்.

ஆங்கிலத்தில் அவர் உதிர்த்தது இரண்டே இரண்டு சொல். "யூ லை!" அவ்வளவுதான். நீ என்றாலும், நீர் என்றாலும், நீங்கள் என்றாலும் அந்த மொழியில் ஒரே சொல். சொல்லை வைத்து மரியாதையை அளக்க முடியாது. குரலை வைத்துத்தான் அளக்க வேண்டும். அன்று அந்தக் குரலைக் கேட்டவர் எவரும் அதை "நீங்கள்" என்று மொழிபெயர்க்க மாட்டார்!

ஒபாமா பேச்சை நிறுத்தினார். குரல் வந்த பக்கம் திரும்பினார். "அது உண்மையல்ல" என்றார். பேச்சைத் தொடர்ந்தார். பெலோசி பார்த்த பார்வையைப் படம் பிடித்து மறுநாள் ஏடுகள் எல்லாம் போட்டன. பைடன் தலை குனிந்து ஆட்டிக்கொண்டார். வில்சனின் கட்சியைச் சேர்ந்தவரே, முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்று தோற்றவரே, ஜான் மெக்கெய்ன், இது முற்றிலும் மரியாதையற்ற செயல் என்று அன்றிரவே கண்டித்தார். தோற்றவருக்கு இருந்த பண்பு தோள் தட்டியவருக்கு இல்லை.

சரி, அப்படி என்னதான் பேசினார் ஒபாமா? அதைச் சொல்லாமல் கூச்சலை மட்டும் சொன்னால் நானும் அந்த ஏடுகளில் ஒன்றாகிவிடுவேன்.

அவர் பேசியது மருத்துவம் பற்றி. பணக்கார நாடு என்று பெயரெடுத்த நாட்டிலே, 3 கோடிக்கும் மேலான குடிமக்கள் மருத்துவக் காப்பீடு கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று சொன்னார். காப்பீடு இல்லையென்றால் அங்கே என்ன பொருள் தெரியுமா? காய்ச்சல் வந்தால் கடன். அறுவை வந்தால் அடமானம். டெக்சாஸ் மாநிலத்துப் பெண் ஒருவரைப் பற்றி அன்று அவர் சொன்னார். மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. காரணம், முன்பு ஒரு காலத்தில் முகப்பருவுக்கு மருந்து போட்டதை அந்த அம்மையார் விண்ணப்பத்தில் எழுத மறந்துவிட்டாராம்! முகப்பரு! மீண்டும் காப்பீடு கிடைப்பதற்குள் கட்டி இரு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட கொடுமைக்கு முடிவு கட்ட ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டார். அரசின் அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டில் வாழ்பவர்களுக்கும் இந்தச் சட்டம் காப்பீடு கொடுத்துவிடும் என்று எதிரணியினர் பரப்பி வந்தார்கள். இல்லை, அவர்களுக்கு இது பொருந்தாது என்றார் ஒபாமா. அந்த வாசகத்துக்குத்தான் வந்தது "பொய்!" கீழவையில் அப்போது இருந்த மசோதாவில், அனுமதியற்றோருக்கு அரசின் உதவித்தொகை கிடையாது என்று தனி விதியே இருந்தது. சரிபார்க்கும் முறை போதாது என்று வில்சன் வாதாடியிருக்கலாம். நேரம் இருந்தது, மன்றம் இருந்தது, வாக்கு இருந்தது. வாதம் செய்ய வேண்டிய வாய் வசை பாடியது.

அன்றிரவே வில்சன் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன், சொன்னது தகாதது என்றார். தலைவரின் கருத்தை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒபாமா ஏற்றுக்கொண்டார். அவையிலும் ஒருமுறை வருத்தம் தெரிவி என்று கேட்டபோதுதான் வில்சன் மறுத்தார். ஒரு மன்னிப்புப் போதும் என்றார். செப்டம்பர் 15 அன்று கீழவை அவர் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 240, எதிர்ப்பு 179. முன்னின்று வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளைபர்ன்; அவரும் தென் கரோலினாக்காரர், கறுப்பினத்தவர்.

மன்றத்தின் கணக்கு இத்தோடு முடிந்தது. மக்களின் கணக்கு வேறு. கூச்சல் எழுந்த சில நாட்களுக்குள், அடுத்த தேர்தலில் வில்சனை எதிர்த்து நிற்கவிருந்த ராப் மில்லருக்கு நாடெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. 10 லட்சம் டாலருக்கு மேல்! ஆகா, அநாகரிகத்துக்கு மக்கள் கொடுத்த அறை என்று மகிழ்கிறாயா? பொறு தோழா. அதே நாட்களில் வில்சனுக்கும் குவிந்தது. அவருக்கும் 10 லட்சம் டாலருக்கு மேல்! இரண்டு சொல்லுக்கு இருபது லட்சம்! 2010 நவம்பர் தேர்தலில் வில்சனே வென்றார்.

மன்னிப்புக் கேட்டவர் அவர். மன்னிப்புக்காக அவருக்கு எவரும் பணம் அனுப்பவில்லை. எந்தச் சொல்லுக்கு வருந்துகிறேன் என்று சொன்னாரோ, அந்தச் சொல்லுக்காகத்தான் அனுப்பினார்கள்! 2011 தொடக்கத்தில் அந்த மாநிலத்துத் துப்பாக்கிக் கடை ஒன்று, துப்பாக்கியின் உறுப்பிலேயே அந்த இரண்டு சொல்லைப் பொறித்து விற்றது.

ஏன் இத்தனை வெறி? முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், அவரும் தெற்கத்திக்காரர்தான், போட்டு உடைத்தார்: இந்தப் பகைமையின் பெரும்பகுதிக்குக் காரணம் மேடையில் நிற்பவர் கறுப்பர் என்பதே என்றார். ஒபாமா தரப்பு அதை ஏற்கவில்லை. வில்சனின் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தவன் யார்? நான் பார்க்கவில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் கொடியைத் தென் கரோலினா சட்டமன்றக் கட்டடத்தின் மேலிருந்து இறக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, இறக்காதே என்று வாக்களித்த மாநில மேலவையினர் ஏழு பேரில் இந்த வில்சனும் ஒருவர். அது ஏட்டில் இருக்கிறது.

துப்பாக்கியில் சொல் பொறித்தார்கள் என்றேனே, அதே தென் கரோலினாவில் அதற்கு 155 ஆண்டுகளுக்கு முன்பு கைத்தடியிலே பொறித்தார்கள். அந்தக் கதையையும் கேள்.

1856 மே மாதம். கான்சாஸ் மண்ணில் அடிமை முறை நுழையலாமா என்று போராட்டம். மேலவையில் மாசசூசெட்ஸ் உறுப்பினர் சார்லஸ் சம்னர் எழுந்தார். அடிமை முறையின் பகைவர். 19, 20 ஆகிய இரண்டு நாட்கள் நெருப்பைக் கக்கினார். மனிதனை மாடுபோல் விற்கும் கொடுமையைக் கிழித்தார். அத்தோடு விட்டாரா? தென் கரோலினாவின் முதிய உறுப்பினர் ஆண்ட்ரூ பட்லரைப் பிடித்துக்கொண்டார். பட்லருக்குப் பேச்சில் தடுமாற்றம். பேசினால் எச்சில் தெறிக்கும். அதையும் சேர்த்து ஏளனம் செய்தார். பட்லர் அன்று அவையிலேயே இல்லை.

மே 22. பட்லரின் உறவினர் பிரெஸ்டன் புரூக்ஸ், கீழவை உறுப்பினர், மேலவைக்குள் நுழைந்தார். அவை கலைந்திருந்தது. சம்னர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். புரூக்ஸ் கைத்தடியால் தலையிலே அடித்தார். அடித்தார், அடித்தார், தடி உடையும் வரை அடித்தார். தரையோடு திருகப்பட்டிருந்த மேசையைப் பெயர்த்துக்கொண்டு எழுந்த சம்னர் இரத்தத்தில் சாய்ந்தார். அவர் மீண்டும் பணிக்குத் திரும்ப மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை மாசசூசெட்ஸ் வேறொருவரை அனுப்பவில்லை; அவரையே மறுபடி தேர்ந்தெடுத்து இருக்கையைக் காலியாக வைத்தது.

புரூக்சுக்கு என்ன தண்டனை? 300 டாலர் அபராதம். பதவி நீக்கத் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. தாமே விலகினார், அவர் தொகுதி அவரையே திருப்பி அனுப்பியது. தெற்கிலிருந்து அவருக்குப் பரிசு குவிந்தது. என்ன பரிசு? உடைந்த தடிக்குப் பதிலாகப் புதுத் தடிகள்! ஒன்றில் பொறித்திருந்த வாசகம், "மறுபடியும் அடி!"

அடித்தவனை விட, தடி அனுப்பியவர்களைத்தான் எண்ணிப் பார்க்கிறேன். கடைக்குப் போய், தடி வாங்கி, கூலி கொடுத்து எழுத்து வெட்டி, தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். ஆத்திரத்தில் செய்த வேலையா அது?

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்னரின் பக்கம் நியாயம் இருந்தது. இருந்தும் கிழவரின் எச்சிலைப் பேசினாரே, அது எதற்கு? கைத்தட்டலுக்கு! எனக்குத் தெரியும். நானும் அந்தக் கள்ளைக் குடித்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கைத்தறி நெசவாளர்கள் நிறைந்த ஓர் ஊரில் கூலி உயர்வுக்காகப் பொதுக்கூட்டம். எனக்கு முந்தைய வாரம் அதே திடலில் பேசியிருந்த மாற்றுக் கட்சிக்காரருக்குத் திக்குவாய். கூலிக் கணக்கை நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது கூட்டம் சோர்ந்திருந்தது. பார்த்தேன். அவர் திக்குவது போலப் பேசிக் காட்டினேன். திடல் அதிர்ந்தது! விசில் பறந்தது! இன்னொரு முறை என்றார்கள். இன்னொரு முறை செய்தேன்.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், தறியில் தேய்ந்த கை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லாப் பேசினீங்க தம்பி. வீட்டில போய்ப் பேரப்பிள்ளைக்குச் செஞ்சு காட்டினேன், சிரிச்சான்."

"சந்தோஷம் ஐயா."

"கூலி பத்தி ஏதோ கணக்குச் சொன்னீங்களே, முழத்துக்கு எவ்வளவு கேக்கணும்னு சொன்னீங்க? அது மட்டும் மறந்து போச்சு."

அவர் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் மறுபடி கணக்கைச் சொன்னேன். தேநீர் ஆறிவிட்டது.

வாஷிங்டனில் மறந்து போன கணக்கு எது? 2010 மார்ச் 23 அன்று சட்டம் வந்தது. ஒபாமா கையெழுத்திட்டார். கோடிக்கணக்கானோருக்குப் பயன் தந்த சட்டம்தான். ஆனால் அந்தக் கூச்சலுக்குப் பிறகு சில நாட்களுக்குள்ளேயே வெள்ளை மாளிகை ஒரு படி இறங்கியது: அனுமதிச் சீட்டில்லாதவர்கள் புதிய காப்பீட்டுச் சந்தைக்குள்ளேயே நுழைய முடியாது என்றது. சட்டமும் அப்படியே ஆயிற்று. அரசின் உதவித்தொகை கிடையாது என்பது முன்பே இருந்தது. இப்போது தன் சொந்தக் காசை முழுதாகக் கொடுத்தாலும் அந்தச் சந்தையில் வாங்கக்கூடாது! அவர்கள் யார்? தோட்டத்தில் பழம் பறிப்பவர், கசாப்புக் கூடத்தில் இறைச்சி வெட்டுபவர், கூரை வேய்பவர், உணவு விடுதியில் பாத்திரம் கழுவுபவர். கண்டனம் வில்சனுக்கு, கதவடைப்பு பாத்திரம் கழுவுபவருக்கு! வில்சனைத் திட்டி மில்லருக்குப் பணம் அனுப்பிய நல்லவர்களில் எத்தனை பேர் இந்த விதியைப் படித்தார்கள்?

கட்சி மாறினால் கூச்சலும் இடம் மாறும். 2005-இல் புஷ் முதியோர் ஓய்வூதியத்தில் கை வைக்கப் பேசியபோது ஒபாமாவின் கட்சியினரே "இல்லை, இல்லை" என்று இரைந்தார்கள். 2023-இல் பைடன் பேசும்போது எதிரணியிலிருந்து "பொய்யர்!" என்று கேட்டது, கண்டனத் தீர்மானம் எதுவும் வரவில்லை. 2025 மார்ச் 4 அன்று டிரம்ப் பேசியபோது டெக்சாசின் அல் கிரீன், 77 வயது, கறுப்பினத்தவர், எழுந்து நின்றார். ஏழைகளின் மருத்துவ உதவியை வெட்ட உமக்கு மக்கள் ஆணை தரவில்லை என்று முழங்கினார். கையில் என்ன? ஊன்றுகோல்! அடிக்க அல்ல, ஆட்டிக் காட்ட. அவரை வெளியே அனுப்பினார்கள். இரண்டே நாளில் 224-க்கு 198 என்று, வில்சனுக்குக் கொடுத்ததை விடக் கடுமையான கண்டனம். அவர் சொன்னதிலே வசை இல்லை, ஒரு கோரிக்கை இருந்தது என்பது என் கணக்கு. ஒழுங்கு ஒழுங்குதான் என்பாரும் உண்டு.

வில்சன் கதையில் இன்னும் ஒன்று பாக்கி. 2017 ஏப்ரல் 10, தென் கரோலினாவில் கிரானிட்வில் என்ற ஊர். தம் தொகுதி மக்களைக் கூட்டி வில்சன் பேசுகிறார். அதே மருத்துவச் சட்டத்தைப் பற்றித்தான். அது மக்களுக்குக் கேடு என்கிறார். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குரல் கொடுக்கிறார்கள். பிறகு கூட்டமே சேர்ந்துகொள்கிறது.

"யூ லை! யூ லை! யூ லை!"