கேட்கும் இதயம்

அன்னவாசலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வருவோர் பலர் விடியற்காலைப் பேருந்தில் புறப்படுகின்றனர். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, உணவு உண்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கொடுத்த பின்னரே என் அறைக்குள் வருவர். அவ்வாறு வருவோருள் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்த விவசாயக் கூலிப் பெண்மணி. இன்சுலின் போட்டும் அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. மூன்று வருகைகளிலும் நான் அளவை உயர்த்தினேன். மூன்றாம் முறை, "ஒழுங்காக ஊசி போடுகிறீர்களா, இல்லையா?" என்று கடிந்தும் கொண்டேன். "போடுறேங்கய்யா" என்று தலை குனிந்தார். நான் நம்பவில்லை.

புறநோயாளிகளைப் பார்க்கத் தொடங்குமுன் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிப்பது என் வழக்கம். அதை மருத்துவ நூலாக நான் கொள்வதில்லை. அன்றைய நாளுக்கு என்னைத் திருத்திக்கொள்ளவே வாசிக்கிறேன். அப்பெண்மணி நான்காம் முறை வந்த அன்று வாசித்தது இராஜாக்களின் முதலாம் புத்தகம், மூன்றாம் அதிகாரம். கிபியோனில் இளம் அரசன் சாலொமோனின் கனவில் கடவுள் தோன்றி, வேண்டியதைக் கேட்கச் சொல்கிறார். அவன் நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ பகைவரின் உயிரையோ வேண்டவில்லை. ஞானத்தை வேண்டினான் என்று நாம் பொதுவாகச் சொல்லுவோம். எபிரேய மூலத்தில் அவன் வேண்டுவது "கேட்கும் இதயம்", செவிமடுக்கின்ற இதயம்.

அதே அதிகாரத்தில்தான் ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோரும் வழக்கும் வருகிறது. அரசன் வாளைக் கொண்டுவரச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் அவன் செய்த ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று இருவர் சொன்னதையும் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்கிறான். நோயாளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் முறையை மருத்துவ மாணவர்களுக்கு நாங்களும் கற்பிக்கிறோம். கற்பிப்பவர் கடைப்பிடிக்கிறாரா என்பது வேறு கேள்வி.

அன்று அவரிடம், "அம்மா, மருந்து வாங்கியது முதல் ஊசி போடுவது வரை என்னென்ன செய்கிறீர்கள், நிதானமாகச் சொல்லுங்கள்" என்றேன். முன்பு பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மருந்தை வைத்திருந்தாராம். "அவங்களோட பேச்சுவார்த்தை நின்னு போச்சுங்கய்யா. அதுலேர்ந்து அடுப்படி மாடத்துலதான் இருக்கு."

கோடையில் இம்மாவட்டத்தின் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். விறகடுப்பின் அருகே இன்னும் கூடும். திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிடவும் கூடாது. திறந்த குப்பியைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் சுமார் நான்கு வாரங்கள் வைத்துப் பயன்படுத்தலாம். அவர் தவறாமல் போட்டுக்கொண்டது வீரியம் இழந்த மருந்து. அதற்குத்தான் நான் மும்முறை அளவை உயர்த்தியிருந்தேன். நல்ல நிலையிலிருந்த புதுக் குப்பியில் அதே அளவை அவர் போட்டிருந்தால், இரவு உறக்கத்திலேயே சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்திருக்கக்கூடும். அதை எண்ணியபோது என் கை நடுங்கியது. புதுக் குப்பிக்குப் பழைய குறைந்த அளவையே எழுதினேன். பெரிய மண்பானையில் மணல் நிரப்பி, நடுவே சிறு பானையைப் புதைத்து, அதனுள் நீர் புகாத டப்பாவில் குப்பியை வைத்து, மணலை நனைத்துக் காற்றோட்டமான நிழலில் வைக்கும் முறையைச் செவிலியர் விளக்கினார்.

நம் மாநிலத்தின் மருத்துவ வரலாற்றிலும் இத்தகைய செவிமடுத்தலுக்கு ஒரு பெரிய இடமுண்டு. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர் வந்து ஐடா ஸ்கடரின் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர்; ஆண் மருத்துவரான ஐடாவின் தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவராக வேண்டும் என்ற விருப்பமே இல்லாதிருந்த அந்த இளம்பெண் வேதாகமத்தோடும் செபத்தோடும் அவ்விரவைக் கழித்தார். பின்னர் அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900இல் திரும்பி, வேலூரில் பணியைத் தொடங்கினார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் அதுவே.

"செபம் செய்கிறோம், மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று சில குடும்பத்தார் என்னிடம் வினவுவதுண்டு. எசேக்கியா மன்னனின் கதையை அவர்களுக்குச் சொல்லுவேன். சாகும் தறுவாயில் அவன் கண்ணீரோடு வேண்டினான். பதினைந்து ஆண்டுகள் கூடுதலாக வாக்களிக்கப்பட்டன. அவ்வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வேண்டுதல் கேட்கப்பட்ட பின்னும் பற்று தேவைப்பட்டது.

நோயாளியைக் காண வருவோருக்கு யோபுவின் நண்பர்களை நினைவூட்ட விரும்புகிறேன். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்களைப் போன்ற நண்பர்கள் கிடைப்பது அரிது. பின்பு வாய் திறந்து, உன் துன்பத்துக்கு உன் பாவமே காரணம் என்று விளக்கத் தொடங்கினர். முடிவில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் வந்தது. எங்கள் வார்டிலும் பார்வையாளர் நேரத்தில் இத்தகைய விளக்கங்களைக் கேட்கிறேன். "அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" என்பது அவற்றுள் அடிக்கடி கேட்பது. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

அப்பெண்மணி ஒரு மாதம் கழித்து வந்தார். சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டாரோடு பேச்சு இன்னும் தொடங்கவில்லையாம். பானை வடக்குத் திண்ணையில் இருக்கிறது. பேரன் காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிக்கிறான்.