பொம்மை பின்ன ஒரு ஸ்பிரெட்ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "ஸ்பிரெட்ஷீட் எல்லாம் ஆபீஸ் கணக்குக்குத்தானே? வீட்டில் அதை வைத்து என்ன செய்வது?" மாதச் செலவை எழுதலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பொம்மை பின்னுங்கள் என்பேன்.

குரோஷா ஊசியால் பின்னிப் பஞ்சடைக்கும் பொம்மைகளை ஜப்பானில் அமிகுருமி என்கிறார்கள். அமி என்றால் பின்னல். நுய்குருமி என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து ஒரு சொல்லாகிவிட்டது. தடித்த நூலில், குறிப்பாக வெல்வெட் போல் மெத்தென்ற ஷெனீல் நூலில் இவற்றைப் பின்னினால் கண்ணிகள் குறைவு. வேலை சீக்கிரம் முடியும்.

ஆனால் அதே நூலில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். பிரித்துப் பிரித்துப் பின்னினால் ஷெனீலின் இழைகள் உதிர்ந்து நூல் மொட்டையாகிவிடும். பாதியில் நூல் தீர்ந்தால் அதைவிடச் சங்கடம். ஒரே நிறம் என்று வாங்கினாலும் வேறு லாட் நூல் சற்று வெளிறியோ அடர்ந்தோ இருக்கும். எனவே ஊசியை எடுக்கும் முன்பே எத்தனை கண்ணி, எவ்வளவு நூல் என்று தெரிந்துகொள்வது நல்லது.

உருண்டைக்கு ஒரு பார்முலா

எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், அது இலவசம். முதலில் பத்து, பன்னிரண்டு கண்ணி அகலத்தில் ஒரு சிறு துண்டு பின்னி, 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்று ஸ்கேலால் அளக்கவும். 10 கண்ணி வருவதாகக் கொள்வோம். அதாவது ஒரு கண்ணிக்கு 1 செ.மீ. தலையின் நடுச்சுற்றில் 24 கண்ணி என்றால் சுற்றளவு 24 செ.மீ., விட்டம் சுமார் 7.6 செ.மீ.

இனி பி1 செல்லில் 24 என்று டைப் செய்யவும். ஏ3 முதல் கீழே 1, 2, 3 என்று 11 வரை சுற்று எண்கள். பி3 செல்லில் கீழ்க்கண்ட பார்முலாவை (எழுத்துகளை ஆங்கிலத்தில்) அமைத்து என்டர் தட்டவும்:

=ரவுண்ட்($பி$1*சைன்(பை()*ஏ3*2/$பி$1),0)

அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து 11ஆம் சுற்று வரை இழுக்கவும். டாலர் குறி இருப்பதால் பி1 மட்டும் நகராமல் நிற்கும். கிடைக்கும் எண்கள்: 6, 12, 17, 21, 23, 24, 23, 21, 17, 12, 6. இதுதான் உங்கள் பொம்மையின் தலை. பக்கத்துக் காலத்தில் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் முந்தையதைக் கழித்தால் எத்தனை கண்ணி கூட்ட வேண்டும், எத்தனை குறைக்க வேண்டும் என்று வந்துவிடும். கூட்டுவதை ஒரே இடத்தில் அடுக்காமல் சுற்று முழுவதும் பரப்பவும். இல்லாவிட்டால் உருண்டை அறுகோணமாகிவிடும்.

பொம்மையின் குணமும் இந்த எண்களில்தான் இருக்கிறது. என் அக்கா மகள் கேட்டது பெரிய தலையும் கொக்குக் காலும் மூன்று கண்ணும் உள்ள பூதம். தலைக்கு பி1இல் 32 என்று மாற்றினேன்; 15 சுற்றுகள் வந்தன (எண்ணின் பாதியில் ஒன்று குறைவாகச் சுற்றுகள் வரும்). உடம்புக்கு 24. அதில் நடுச்சுற்றை நான்கு முறை கூடுதலாகப் பின்னியதில் உருண்டை கத்தரிக்காய் ஆனது. காலுக்கு 6 கண்ணியே வேண்டிய நீளத்துக்கு. மாற்றியது சில எண்களை மட்டுமே.

நூல் எவ்வளவு?

பி காலத்தின் எண்களை சம் பார்முலாவால் கூட்டினால் 182 வரும். 20 கண்ணியைப் பிரித்து நூலை அளக்கவும். அது 120 செ.மீ. என்றால் கண்ணிக்கு 6 செ.மீ., தலைக்குச் சுமார் 11 மீட்டர். இப்போது பி1இல் 48 போட்டு, சுற்றுகளை 23 வரை இழுத்துப் பாருங்கள். விட்டம் இரண்டு மடங்குதான்; கண்ணிகளோ சுமார் 730, அதாவது நான்கு மடங்கு! பஞ்சு எட்டு மடங்கு வேண்டும். கடைக்குப் போகும் முன் இதைப் பார்ப்பது பர்ஸுக்கு நல்லது.

கூட்டலை அளவில்லாமல் செய்தால் என்ன ஆகும்? துணி மடிந்து மடிந்து பவளப்பாறை போல் சுருளும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் 1997இல் இப்படித்தான் ஹைப்பர்பாலிக் தளத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். பூதத்துக்குத் தலைமுடி வேண்டுமென்றால் நீங்களும் பின்னலாம்.

இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன்களையும், செயற்கை நுண்ணறிவு எழுதித் தருபவற்றையும் இதே ஷீட்டில் போட்டுச் சோதிக்கவும். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினாலும் 18 கண்ணி 36தான் ஆகும். அடுத்த சுற்றில் 40 என்று எழுதியிருந்தால் கணக்கு தப்பு. எந்த நாட்டுப் பேட்டர்ன் என்பதும் முக்கியம். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷா என்கிறார்கள்.

தலை, உடம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் தனி ஷீட் வைத்து, பிரிண்ட் எடுத்து, சுற்று முடிய முடிய டிக் அடித்து வரவும். சுற்றின் முதல் கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி வைத்தால் எண்ணிக்கை குழம்பாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மை என்றால் பிளாஸ்டிக் கண், பொத்தான் எதுவும் வேண்டாம். பிய்ந்து வந்தால் தொண்டையில் சிக்கும். பூதத்தின் மூன்று கண்ணையும் நான் கறுப்பு நூலால்தான் தைத்தேன்.